சாக்கடை நீரும் சுகாதாரக் கணக்கும்: ஹைதராபாத் நகர ஆராய்ச்சிகள்

ஒரு நகரத்தில் எத்தனை பேர் நோயுற்றிருக்கின்றனர் என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, நோயாளிகளை எண்ணுவது. மற்றொன்று, அந்நகரம் வெளியேற்றும் கழிவுநீரைப் பரிசோதிப்பது. முதல் வழி நாம் அனைவரும் அறிந்ததே. நோயாளி மருத்துவமனைக்கு வருகிறார். மருத்துவர் பரிசோதித்து ஏட்டில் பதிகிறார். அக்கணக்கு வட்டாரத்திற்கும் மாவட்டத்திற்கும் மாநிலத்திற்கும் செல்கிறது. இம்முறையில் பெருங்குறை ஒன்று உண்டு. மருத்துவமனைக்கு வாராதவர் கணக்கிலும் வாரார். நோய்க்குறி எதுவும் தோன்றாமலே கிருமியைச் சுமந்து திரிபவரோ, அதனைத் தாமே அறியார். இரண்டாம் வழியில் இக்குறை இல்லை. கழிவறையைப் பயன்படுத்துபவர் அனைவரும், தாம் அறியாமலே, அங்குத் தம் பங்கைப் பதிவு செய்துவிடுகின்றனர். ஆனால் அப்பதிவில் பெயரும் இல்லை, வயதும் இல்லை, முகவரியும் இல்லை.

ஹைதராபாத் நகரில் 2016-ஆம் ஆண்டிலும், பின்னர் கொரோனா நோய் பரவிய 2020, 2021-ஆம் ஆண்டுகளிலும் நடைபெற்ற பணிகளைக் கொண்டு இவ்விரு வழிகளும் ஒன்றற்கொன்று எவ்வாறு துணைபுரிகின்றன என்பதை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். கள ஊழியர்கள் நாள்தோறும் கைபேசியில் நிரப்பும் படிவம் இதில் எவ்விடத்தில் வந்து பொருந்துகிறது என்பதும் இதனால் விளங்கும். நீருக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று. கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியை ரொனால்டு ராஸ் முதன்முதலாகக் கண்டது 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்திலேயே ஆகும்.

பழைய முறை

சாக்கடையில் நோய்க்கிருமியைத் தேடும் வழக்கம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. அமெரிக்காவில் ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் என்னும் மருத்துவ அறிஞர்கள் இளம்பிள்ளை வாதம் உண்டாக்கும் போலியோ வைரஸை நகரச் சாக்கடை நீரிலிருந்து பிரித்தறிந்து 1940-ஆம் ஆண்டை ஒட்டி வெளியிட்டனர். எனினும் நம் ஊழியர்களுக்கு அதனினும் பயன்தரும் எடுத்துக்காட்டு இங்கிலாந்தில் மூர் என்பவர் கையாண்டு 1948-இல் வெளியிட்ட முறையாகும்.

ஒரு சிற்றூரில் பாராடைபாய்டு காய்ச்சல் விட்டு விட்டுத் தோன்றிக்கொண்டிருந்தது. நோயைப் பரப்புபவர் யாரென்று தெரியவில்லை. மருத்துவக் கட்டுத்துணியை மடித்துத் திண்டு போலாக்கி, கயிற்றில் கட்டி, சாக்கடை ஓட்டத்தில் தொங்கவிட்டார் மூர். ஓடும் நீர் முழுவதையும் ஆய்வுக்கூடத்திற்கு எடுத்துச் செல்ல இயலாது. துணியோ ஓரிரு நாள் நீரில் கிடந்து, கடந்து செல்லும் கிருமிகளைச் சிறுகச் சிறுகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. முதலில் பெருங்குழாயில் துணி இடப்பட்டது. அதில் கிருமி காணப்பட்டதும், அக்குழாயில் வந்து சேரும் கிளைகள் ஒவ்வொன்றிலும் துணி இடப்பட்டது. கிருமி காணப்பட்ட கிளையை மட்டும் பின்பற்றி மேலேறிச் சென்றால், இறுதியில் ஒரு தெருவையும், தெருவில் ஒரு வீட்டையும் அடைய முடிந்தது. அவ்வீட்டில் இருப்பவர் நோயாளியாக இருக்கவேண்டுவதில்லை. முன்னொரு காலத்தில் காய்ச்சல் கண்டு குணமடைந்து, உடல்நலத்துடன் நடமாடிக்கொண்டு, கிருமியை மட்டும் வெளியேற்றிக்கொண்டிருப்பவராக அவர் இருக்கலாம். துணியும் கயிறும் கொண்ட இம்முறை மூரின் பெயராலேயே இன்றும் பல நாடுகளில் வழங்குகிறது. கருவிகள் மாறியுள்ளனவே அன்றி, கீழிருந்து மேலேறிச் செல்லும் தருக்கம் மாறவில்லை.

அம்பர்பேட்டில் கிடைத்த வைரஸ்

போலியோ வைரஸ் தொற்றிய குழந்தைகளுள் கைகால் முடங்குவது மிகச் சிலருக்கே. முதல் வகை வைரஸில் ஏறத்தாழ 200 பேருக்கு ஒருவரே முடங்குகிறார்; இரண்டாம் வகையில் அதனினும் மிகக் குறைவு. எஞ்சியோர் சிறு காய்ச்சலோடு, அல்லது அதுவுமின்றி, சில வாரங்கள் மலத்தில் வைரஸை வெளியேற்றிவிட்டு நலமாகவே இருப்பர். ஆகவே முடங்கிய குழந்தை ஒன்று மருத்துவமனைக்கு வரும் நாளில், வைரஸ் அவ்வூரில் நூற்றுக்கணக்கானோரைக் கடந்து சென்றிருக்கும். நோயாளியை எண்ணும் முறை எவ்வளவு திறமையாக நடப்பினும் இத்தாமதத்தை நீக்க இயலாது. இந்தியாவில் போலியோவுக்கான சாக்கடைக் கண்காணிப்பு 2001-ஆம் ஆண்டு மும்பையில் தொடங்கப்பட்டதற்கு இதுவே காரணம். பின்னர் அது வேறு பல நகரங்களுக்கும் விரிவடைந்தது.

இயற்கையான போலியோ வைரஸால் நம் நாட்டில் கடைசியாக நோயுற்ற குழந்தை 2011 ஜனவரி 13-ஆம் நாள் மேற்கு வங்காளத்தின் ஹௌரா மாவட்டத்தில் அறியப்பட்டது. 2014 மார்ச்சு 27-ஆம் நாள் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் முழுவதும் போலியோ அற்றதெனச் சான்றளிக்கப்பட்டது. அதன் பின்னர்க் கவலைக்குரியதாக எஞ்சியது வேறொன்று. வாய்வழிச் சொட்டு மருந்தில் உள்ளது உயிருள்ள, ஆனால் வலிமை குன்றச் செய்யப்பட்ட வைரஸ். மருந்து உண்ட குழந்தையின் குடலில் அது சில வாரங்கள் பெருகி, மலத்தோடு வெளியேறும். தடுப்பு மருந்து பெறாத குழந்தைகள் மிகுந்த இடத்தில் அது ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் சென்று, சிறுகச் சிறுக மாறி, இழந்த வலிமையை மீண்டும் பெறக்கூடும். இவ்வாறு மாறியதைத் தடுப்பு மருந்தில் தோன்றிய போலியோ வைரஸ் என்பர்.

மாறியது, மாறாதது என எவ்வாறு பிரித்தறிவது? வைரஸின் மேலுறைப் புரதங்களுள் ஒன்றைக் குறிக்கும் மரபுப் பகுதி ஏறத்தாழ 900 எழுத்துகள் கொண்டது. அதில் ஆண்டொன்றுக்குச் சுமார் ஒரு நூற்றுப்பங்கு, அதாவது ஒன்பது அல்லது பத்து எழுத்துகள், மாறுகின்றன. எனவே எத்தனை எழுத்துகள் மாறியுள்ளன என்று எண்ணினால், அவ்வைரஸ் எத்துணைக் காலமாகப் பெருகி வருகிறது என்று கணக்கிடலாம். இரண்டாம் வகையில் ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட எழுத்துகள் மாறியிருப்பின் அது மாறிய வைரஸ் என்று கொள்வது மரபு. ஆறு எழுத்து மாற்றம் என்பது தோராயமாக ஏழெட்டு மாத ஓட்டத்தைக் குறிக்கும். வகுப்பில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், ஏட்டைப் பார்த்து ஏடெழுதுவோர் ஒவ்வொரு படியிலும் ஓரிரு பிழைகள் விட்டு எழுதிய சுவடிகளைச் சொல்லி விளக்கலாம். பிழைகளின் எண்ணிக்கையைக் கொண்டே எது முந்திய படி, எது பிந்திய படி என்று பதிப்பாசிரியர்கள் கூறுவதில்லையா?

உலகம் முழுவதும் 2016 ஏப்ரல் மாதத்தில் சொட்டு மருந்திலிருந்து இரண்டாம் வகை வைரஸ் நீக்கப்பட்டது. இந்தியாவில் அம்மாற்றம் ஏப்ரல் 25-ஆம் நாள் நடைபெற்றது. மூன்று வாரங்களே கழிந்த நிலையில், மே 17-ஆம் நாள் ஹைதராபாத்தின் அம்பர்பேட் பகுதியில் எடுக்கப்பட்ட கழிவுநீர் மாதிரியில் மாறிய இரண்டாம் வகை வைரஸ் கண்டறியப்பட்டது. முடங்கிய குழந்தை எதுவும் இல்லை. ஏட்டில் ஒரு பெயரும் இல்லை. நோயாளிகளை மட்டுமே எண்ணியிருப்பின், நகரம் நலமாக உள்ளது என்றே அறிக்கை சென்றிருக்கும்.

தெலங்கானா அரசு காத்திருக்கவில்லை. ஹைதராபாத், ரங்காரெட்டி மாவட்டங்களில் இடர் மிகுந்த பகுதிகளைத் தேர்ந்து, ஜூன் 20 முதல் 26 வரை ஒரே வாரத்தில், ஆறு வாரம் முதல் மூன்று ஆண்டு வரை வயதுடைய 3,11,064 குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. ஊசிவழிப் போலியோ மருந்து அக்காலத்தில் உலகெங்கும் தட்டுப்பாடாயிருந்தது. முழு அளவான 0.5 மில்லி லிட்டருக்குப் பதிலாக, அதில் ஐந்தில் ஒரு பங்கான 0.1 மில்லி லிட்டரைத் தோலுக்குள் செலுத்தும் முறை கையாளப்பட்டது. தோலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் செறிந்திருப்பதால் சிற்றளவே போதிய பயன் தருகிறது. தோலுக்குள் ஊசி இடுவது தசையில் இடுவதைப்போல் எளிதன்று என்பதைச் செவிலியர் அறிவர். ஒரு வாரத்தில் மூன்று லட்சம் முறை அதனைச் செய்து முடித்தது, ஆய்வுக்கூடத்தில் வைரஸைக் கண்டறிந்ததற்கு எவ்வகையிலும் குறைந்த செயலன்று.

இரண்டு லட்சமும் ஆறரை லட்சமும்

கொரோனா வைரஸ் மூச்சுக்காற்றால் பரவுவது. எனினும் தொற்றியவரின் மலத்திலும் அதன் மரபுப்பொருள் வெளியேறுகிறது. சிலருக்கு அது 35 நாள் வரை நீடிக்கிறது. இவ்வுண்மையைக் கொண்டு ஹைதராபாத்திலுள்ள உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும், இந்திய வேதித் தொழில்நுட்ப நிலையமும் 2020-ஆம் ஆண்டில் ஓர் ஆராய்ச்சியை மேற்கொண்டன. இவ்விரண்டும் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவை. இரண்டாவது நிலையம் 1944-இல் தோன்றி, நெடுங்காலம் வட்டார ஆராய்ச்சிக்கூடம் என்னும் பெயரால் அறியப்பட்டது.

நகரின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுள் 80 நூற்றுப்பங்கிலிருந்து, சுத்திகரிப்புக்கு முந்திய நீர் மாதிரியாக எடுக்கப்பட்டது. நீரில் மிகுதியாகக் கலைந்து கிடக்கும் வைரஸை முதலில் செறிவாக்கி, அதிலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, பாலிமரேஸ் தொடர்வினையால் அளந்தனர். ஆர்.என்.ஏ. என்பதற்குத் தமிழில் சொல் ஆக்குவோர் உளர். களத்தில் பணிபுரிவோர் அனைவரும் அவ்வெழுத்துகளையே வழங்குவதால் இங்கும் அவ்வாறே விடப்படுகிறது. இத்தொடர்வினையில் ஒவ்வொரு சுற்றுக்கும் படிகள் இருமடங்காகின்றன. பத்துச் சுற்றில் ஆயிரம் மடங்கு, இருபது சுற்றில் பத்து லட்சம் மடங்கு. எத்தனையாவது சுற்றில் ஒளிக்குறி தென்படுகிறது என்பதைக் கொண்டு தொடக்கத்தில் எத்தனை படிகள் இருந்தன என்று பின்னோக்கிக் கணக்கிடுகின்றனர். விரைவில் தென்பட்டால் மிகுதி. தாமதமாகத் தென்பட்டால் குறைவு.

நீரில் உள்ள படிகளின் எண்ணிக்கையும், நாளொன்றுக்கு ஓடிவரும் நீரின் அளவும், ஒருவர் வெளியேற்றும் படிகளின் சராசரியும் தெரிந்தால், எத்தனை பேர் வெளியேற்றுகின்றனர் என்பதை வகுத்து அறியலாம். அவ்வாறு கண்டதில், ஆராயப்பட்ட நிலையங்களுக்கு நீர் அனுப்பும் மக்களுள் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் வைரஸின் மரபுப்பொருளை வெளியேற்றிவந்தனர் எனத் தெரிந்தது. ஆனால் நகரம் அந்நாளில் பயன்படுத்திய சுமார் 180 கோடி லிட்டர் நீரில் 40 நூற்றுப்பங்கே சுத்திகரிப்பு நிலையங்களை அடைந்தது. 40-இல் 80 நூற்றுப்பங்கு என்றால் 32. நூற்றில் 32 பங்குக்கு இரண்டு லட்சம் எனில் முழு நகரத்திற்கும் ஆறு லட்சத்திற்கு மேல் வருவதை வாசகர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஆராய்ச்சியாளர் கூறிய தொகை 6.6 லட்சம், அதாவது நகர மக்களில் 6.6 நூற்றுப்பங்கு. இதில் நோய்க்குறி உடையோர், இல்லாதோர், அண்மையில் குணமடைந்தோர் ஆகிய அனைவரும் அடங்குவர். 35 நாள் காலத்தில் தொற்றுக்கு ஆளானோரின் தொகை இது என்பதால், ஒரே நாளில் நோயுற்றிருந்தோர் இதனினும் குறைவு; அதனை 2.6 லட்சம் என மதித்தனர். இம்முடிவுகள் 2020 ஆகஸ்டில் வெளியானபொழுது, தெலங்கானா மாநிலம் முழுவதிலும் பரிசோதனையால் உறுதிசெய்யப்பட்டோர், தொடக்கம் முதல் அந்நாள் வரை கூட்டினாலும், சுமார் ஒரு லட்சமே.

இவ்விரு எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைக் கண்டு, பரிசோதனைக் கணக்கு பொய் என்று சொல்வது தவறு. அது வந்தவரை எண்ணியது. நீர் வாராதவரையும் சேர்த்து எண்ணியது. அவ்வாறே நீர்க் கணக்கைத் துல்லியமான எண்ணாகக் கொள்வதும் தவறு. ஒருவர் வெளியேற்றும் அளவு மற்றொருவரதினும் பன்மடங்கு வேறுபடும். மழை நீர் கலந்தால் செறிவு குறையும். குழாயில் நெடுந்தொலைவு ஓடிவரும்பொழுது ஒரு பகுதி சிதையும். இவற்றினும் பெரிய குறை, சுத்திகரிப்பு நிலையங்களை அடையாத 60 நூற்றுப்பங்கு. சாக்கடை வசதியற்ற குடிசைப் பகுதிகளிலும் நோய் அதே விகிதத்தில்தான் பரவியது என்னும் ஊகத்தின்மேல் முழு நகரத் தொகை நிற்கிறது. நெருக்கமாக வாழ்வோரிடையே விகிதம் மாறியிருக்கக்கூடும். வசதி குறைந்தோர் மருத்துவமனைக் கணக்கில் குறைவாக வருவது போலவே சாக்கடைக் கணக்கிலும் குறைவாகவே வருகின்றனர் என்பதை இத்துறை பற்றி எழுதுவோர் பலர் சொல்லாமல் விடுகின்றனர்.

எண்ணின் துல்லியத்தினும் ஏற்ற இறக்கமே பயன் மிக்கது. ஒரே இடத்தில், ஒரே முறையில், வாரந்தோறும் அளந்துவந்தால், சென்ற வாரத்தினும் இவ்வாரம் கூடியுள்ளதா என்பதை ஐயமின்றிச் சொல்லலாம்.

ஏரியில் நிகழ்வது

குழாய் நீர் ஒரு வழியில் ஓடுவது. ஏரியோ தேங்கி நிற்பது; அதற்குத் தனியே ஒரு வாழ்க்கை உண்டு. ஹுசைன் சாகர் ஏரி 16-ஆம் நூற்றாண்டில் இப்ராஹீம் குலி குதுப் ஷா ஆட்சியில் கட்டப்பட்டது. குக்கட்பள்ளி, பிக்கெட், பஞ்சாரா, பல்காபூர் என்னும் நான்கு ஓடைகள் அதில் வந்து சேர்கின்றன. நகரம் பெருகியபொழுது இவ்வோடைகள் வீட்டுக் கழிவையும் தொழிற்சாலைக் கழிவையும் சுமந்து வரலாயின. கழிவிலுள்ள நைட்ரஜனும் பாஸ்பரசும் பாசிக்கு உரமாகின்றன. பாசி மிகுந்த ஏரியில் பகலில் ஒளிச்சேர்க்கையால் உயிர்வாயு மிகுந்தும், விடியற்காலையில் மிகக் குறைந்தும் காணப்படும். ஏரி மீன்கள் பெரும்பாலும் அதிகாலையிலேயே செத்து மிதப்பதன் காரணம் இதுவே.

மலக்கிருமி இத்தகைய நீரில் வந்து விழுந்தால் என்ன ஆகிறது? ஒரு பகுதி மண்துகளோடு ஒட்டி அடியில் படிகிறது. ஒரு பகுதியை வெயிலின் புற ஊதாக் கதிர் அழிக்கிறது. நுண்ணிய ஓரணு உயிரிகளும் நீர்த்தெள்ளுகளும் பாக்டீரியாக்களை உணவாக்கிக் கொள்கின்றன. பிற்பகலில் பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுவதால் நீரின் காரத்தன்மை உயர்ந்து, மலக்கிருமிகள் மடிகின்றன. ஆனால் அதே பாசி மேற்பரப்பை மூடிவிட்டால் வெயில் அடிவரை செல்லாது; நிழலில் கிருமிகள் நீடித்து வாழும். ஒரே ஏரியில் காலையில் எடுத்த மாதிரியும் மாலையில் எடுத்த மாதிரியும் ஒத்திராமைக்கு இவையே காரணம். மாதிரி எடுத்த நேரத்தைக் குறிக்காத குப்பியால் பயன் இல்லை என்று ஆய்வுக்கூடத்தார் வற்புறுத்துவது வீண் கண்டிப்பன்று.

ஹைதராபாத் விஞ்ஞானிகள் கொரோனாவின் முதல் அலையையும் இரண்டாம் அலையின் தொடக்கத்தையும் உள்ளடக்கிய ஏழு மாத காலத்தில் ஏரிகளையும் ஆராய்ந்தனர். நகருக்குள் ஹுசைன் சாகரும், நாச்சாரம் பெத்த செருவு போன்றவையும். நகருக்கு வெளியே எதுலாபாத் ஏரியும், போத்தராஜு செருவும் தேர்ந்தெடுக்கப்பட்டன. செருவு என்பது தெலுங்கில் ஏரி. நகர ஏரிகளில் வைரஸின் மரபுப்பொருள் காணப்பட்டது. நகருக்கு அப்பாலுள்ளவற்றில் காணப்படவில்லை. நகர ஏரிகளில் அதன் அளவு 2021 பிப்ரவரியில் ஏறத் தொடங்கியது. இரண்டாம் அலையின் கொடுமையை நாடு உணர்ந்தது ஏப்ரல், மே மாதங்களில்.

இங்கு ஒன்றைத் தெளிவாக்குதல் வேண்டும். கிடைத்தது மரபுப்பொருளின் துண்டுகளே. உயிருள்ள வைரஸ் அன்று. ஏரி நீரால் கொரோனா பரவுகிறது என்று அச்செய்தியைத் திரித்துப் பேசியவர்கள் இருந்தனர். ஏரியில் அது காணப்பட்டதன் பொருள் வேறு: சுத்திகரிக்கப்படாத கழிவு அவ்வேரியில் கலக்கிறது என்பதே. கொரோனா அதனால் பரவாமற்போகலாம். காலராவும் மஞ்சட்காமாலையும் டைபாய்டும் பரவத் தடையில்லை. 2009 மே மாதத்தில் ஹைதராபாத்தின் போலக்பூர் பகுதியில் குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து, வாந்திபேதியால் பலர் மாண்டனர்.

நீர் நோயை அறிவிக்கும் சாட்சியாக மட்டுமன்றி, நோயை வளர்க்கும் களமாகவும் ஆகிறது என்பதற்கு நகரின் மேற்கே உள்ள பட்டான்செரு ஒரு சான்று. மருந்துத் தொழிற்சாலைகள் ஏறத்தாழ 90-இன் கழிவைப் பெற்ற சுத்திகரிப்பு நிலையம் ஒன்றிலிருந்து வெளியேறிய நீரை ஆராய்ந்து, ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானி லார்சனும் அவருடைய குழுவினரும் 2007-இல் முடிவுகளை வெளியிட்டனர். சிப்ரோபிளாக்சசின் என்னும் மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை அதில் இருந்தது. இது சில பாக்டீரியாக்களைக் கொல்லத் தேவையான அளவைப்போல் ஆயிரம் மடங்கிற்கும் மேற்பட்டதாகும். இத்தகைய நீரில் பிழைப்பவை அம்மருந்துக்கு அஞ்சாத பாக்டீரியாக்களே. அவற்றின் எதிர்ப்புத் திறனைக் குறிக்கும் மரபுப்பொருளையும் மேற்கூறிய தொடர்வினையால் நீரில் அளக்கலாம்.

படிவங்கள்

சாக்கடையில் கிருமி கூடியுள்ளது என்று ஆய்வுக்கூடம் அறிவித்தது எனக் கொள்வோம். அடுத்து எந்தத் தெருவுக்குச் செல்வது? அம்பர்பேட் நிலையம் நாளொன்றுக்கு 33.9 கோடி லிட்டரைச் சுத்திகரிக்க அமைந்தது. அதன் வாயிலில் எடுத்த ஒரு குப்பி பல லட்சம் பேரைக் குறிக்கிறது. மூர் செய்ததுபோல் கிளை கிளையாக மேலேறலாம். அதற்கு நாள்கள் பல ஆகும். இவ்விடத்தில்தான் நோயாளியை எண்ணும் முதல் வழி உதவிக்கு வருகிறது.

ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் தொடங்கியபொழுது, துணைச் சுகாதார நிலையத்தின் செவிலியர் வாரம் ஒருமுறை எண்ணிக்கையைத் தாளில் எழுதி அனுப்பினார். வாரக் கடைசியில் எழுதியது மாவட்டத்தை அடைந்து, கூட்டப்பட்டு, பார்வைக்கு வருமுன் நோய் ஊரைச் சுற்றி வந்துவிடும். 2021 ஏப்ரல் 5-ஆம் நாள் தொடங்கிவைக்கப்பட்ட ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில், அதே படிவங்கள் கைபேசியிலும் கணினியிலும் நாள்தோறும் நிரப்பப்படுகின்றன. எஸ் படிவம் நோய்க்குறியை மட்டும் கேட்பது. காய்ச்சல், இருமல், நீர்த்த பேதி, மஞ்சட்காமாலை, குழந்தையின் திடீர்க் கைகால் தளர்ச்சி ஆகியவற்றைக் கள ஊழியரே பதியலாம். பி படிவம் மருத்துவர் ஊகித்த நோயைக் கூறுவது. எல் படிவம் ஆய்வுக்கூடம் உறுதிசெய்ததைக் கூறுவது. ஒவ்வொரு பதிவுடனும் இடமும் குறிக்கப்படுவதால், பேதிப் பதிவுகள் ஒரே குழாய்த்தொடரை ஒட்டிக் குவிகின்றனவா என்பதை நிலப்படத்தில் காண இயலும்.

எஸ் படிவம் மூன்றனுள் எளியது என்பதால் சிறுமையாகக் கருதப்படுகிறது. நீர்ச் சோதனையோடு சேர்த்து நோக்கினால் அதுவே முதன்மையானது. சாக்கடை நீர் ஒரு பரந்த பகுதியைக் காட்டுகிறது. அப்பகுதிக்குள் எத்தெரு என்பதை, உறுதிசெய்யப்படாத, மருத்துவர் கண்ணுக்கே வாராத நோய்க்குறிகள்தாம் முதலில் காட்டுகின்றன. பதினைந்து வயதுக்குட்பட்ட எக்குழந்தைக்கும் திடீரெனக் கைகால் தளர்ந்தால், காரணம் எதுவாகத் தோன்றினும் அறிவித்து, தளர்ச்சி கண்ட 14 நாளுக்குள், 24 மணி இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்கவேண்டும் என்ற விதி இன்றும் நடைமுறையில் உள்ளது.

நோயாளி எவரும் இல்லாத நாளில் பலர் படிவத்தை அனுப்பாமலே விட்டுவிடுகின்றனர். இது பெரும் இடர்ப்பாட்டை உண்டாக்குகிறது. சுழியம் என்று எழுதுவது வேறு. வெற்றிடமாக விடுவது வேறு. சுழியம் என்பது ‘பார்த்தேன், இல்லை’ என்னும் செய்தி. வெற்றிடம் என்பது எச்செய்தியும் அன்று. சாக்கடையில் கிருமி தென்பட்ட பகுதியிலிருந்து சுழியம் வந்தால், நோய்க்குறியின்றித் தொற்று பரவுகிறது என்று கொண்டு உடனே செயற்படலாம். வெற்றிடம் வந்தால், முதலில் ஊழியரைத் தேடவேண்டும்.

நீருக்கும் படிவத்திற்கும் மற்றொரு வேறுபாடும் உண்டு. சாக்கடை எவர் பெயரையும் வெளியிடாது. படிவத்தில் பெயர், வயது, கைபேசி எண் ஆகியன உள்ளன. கொரோனா காலத்தில் வீட்டுக் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்ட குடும்பங்கள் அண்டை அயலாரால் ஒதுக்கப்பட்டதை நாம் அறிவோம். ஒரு தெருவின் சாக்கடையில் கிருமி உள்ளது என்னும் செய்தி கசிந்தால் அத்தெரு முழுவதற்கும் அந்நிலை நேரக்கூடும். ஆகவே மாதிரி எடுக்கச் செல்பவர் கூடிநிற்போரிடம் அரைகுறையாகப் பதில் சொல்லாமல், மேலலுவலர் அறிவித்ததை மட்டுமே சொல்லுதல் நன்று.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில்

நம் வாசகர்களுள் பெரும்பாலோர் பணிபுரிவது குழாய்ச் சாக்கடை இல்லாத ஊர்களில். அங்கு மலக்குழி உண்டு, ஓட்டம் இல்லை. ஊர் முழுவதற்கும் பொதுவான ஒரு மாதிரி கிடைப்பதரிது. அத்தகைய இடங்களில் கழிவுநீருக்குப் பதிலாகக் குடிநீரைப் பார்ப்பதே தக்கது.

இதற்கான எளிய சோதனை நம் நாட்டிலேயே உருவானது. குவாலியரிலிருந்து மஞ்சா, மௌர்யா, ராவ் என்னும் மூவர் 1982-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்ட ஹைட்ரஜன் சல்பைடுக் குப்பி முறையே அது. குப்பியினுள் ஊட்டப்பொருளும் தயோசல்பேட்டும் இரும்பு உப்பும் தோய்ந்த தாள் இருக்கும். கிணற்று நீரைக் குறித்த அளவு ஊற்றி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை வைக்கவேண்டும். மலத்தோடு தொடர்புடைய பாக்டீரியாக்கள் இருப்பின், அவை தயோசல்பேட்டிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அது இரும்புடன் கூடி இரும்பு சல்பைடு ஆகி நீரைக் கறுப்பாக்கும். நுண்ணோக்கியும் வேண்டா, மின்சாரமும் வேண்டா. உயர்நிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர் இவ்வினையைக் கரும்பலகையில் எழுதி, அதே வகுப்பில் ஊர்க் கிணற்றின் நீரையும் வைத்துக் காட்டலாம். கறுத்த குப்பியை மாணவர் திறத்தல் கூடாது; பிளீச்சிங் தூள் கரைசலில் ஊறவைத்தபின் அப்புறப்படுத்தவேண்டும். கறுக்காத குப்பி நீர் முற்றிலும் தூயது என்பதற்குச் சான்றாகாது. வைரஸ்களையும் இரசாயன நஞ்சுகளையும் இச்சோதனை காட்டாது.

ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ் ஊர்தோறும் ஐந்து பெண்களுக்குக் களச் சோதனைப் பெட்டியைக் கையாளப் பயிற்சி அளிக்கும் ஏற்பாடு உள்ளது. அவர்களுடைய முடிவுகள் குடிநீர்த் தரத்திற்கென 2021-இல் அமைக்கப்பட்ட தனித் தகவல் தளத்தில் பதியப்படுகின்றன. நோய்ப் படிவம் செல்வது ஒரு தளம். நீர்ச் சோதனை செல்வது வேறொரு தளம். ஒரே ஊரின் பேதிக் கணக்கையும் கறுத்த குப்பியையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வேலை, இன்றைய நிலையில், பெரும்பாலும் அவ்வூரின் செவிலியரும் ஆசிரியரும் நேரில் பேசிக்கொள்வதைப் பொறுத்தே உள்ளது. அவ்வாறு பேசும்பொழுது கையில் வைத்திருக்கவேண்டியவை சிலவே: நீர் எடுத்த கிணறு அல்லது குழாயின் அடையாளம், எடுத்த நாளும் மணியும், முந்திய ஒரு நாளில் மழை பெய்ததா என்னும் குறிப்பு, குளோரின் கடைசியாக இட்ட தேதி, அவ்வாரத்தில் பேதி கண்டோரின் எண்ணிக்கை, எவரும் இல்லையெனில் சுழியம்.